படிப்பகத் தொட்டியில் மீன்கள் கொத்தாகச் சாகின்றன: போர் தண்ணீர்தான் காரணமா?

முள்ளியாறு (திருத்துறைப்பூண்டி)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊரில் இளைஞர்கள் சேர்ந்து நடத்தும் படிப்பகத்தில் நாலடித் தொட்டி ஒன்று இருக்கிறது. சுமார் 250 லிட்டர் பிடிக்கும். நியான் டெட்ரா, கோரி, முத்து கௌராமி, மோலி, பிளாட்டி என்று கலந்து விட்டிருக்கிறோம். சாயந்தரம் படிக்க வரும் பிள்ளைகள் பையை வைத்த கையோடு அந்தத் தொட்டியின் முன்னால்தான் போய் நிற்பார்கள். சில வருடங்களாக ஒரு குறையும் இல்லாமல் ஓடிய தொட்டி. இந்த ஒரு வருடத்துக்குள் நான்கு முறை மீன்கள் கொத்தாகச் செத்துவிட்டன.

எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு. அதனால் தொட்டிக்கு எப்போதும் கேன் தண்ணீர்தான். வற்றும்போது ஊற்றுவோம், மாதம் ஒருமுறை கொஞ்சம் எடுத்துவிட்டு மாற்றுவோம். விசேஷம் வந்தால் மட்டும் தொட்டியை நன்றாகக் கழுவ வேண்டியிருக்கும். அப்போது பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு போர் தண்ணீரை விட்டோம், அவ்வளவு கேன் வாங்கக் கட்டுப்படியாகாது என்பதால். மூன்று முறையும் அன்று இரவுக்குள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. விடியும்போது டெட்ராவும் கோரியும் பெரும்பாலும் போய்விட்டன. கௌராமியும் செத்தது. மோலியில் சில தப்பின.

சரி, உப்புத் தண்ணீர்தான் வினை என்று முடிவு கட்டியிருப்போம். ஆனால் நான்காவது முறை தண்ணீரே மாற்றவில்லை. பொங்கலுக்கு முன் படிப்பகத்துக்கு வெள்ளையடித்தோம், அவ்வளவுதான். மறுநாள் அதே சாவு, அதே வாய் திறப்பு. இதுதான் புரியவில்லை. கடைக்காரரிடம் தண்ணீர் கொண்டுபோனோம். சோதனைப் பட்டையை முக்கிப் பார்த்து நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் கொஞ்சம், பயப்பட ஒன்றுமில்லை என்றார். வெள்ளைப் புள்ளி, பூஞ்சை எதுவும் மீன் உடம்பில் இல்லை. பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் ஏன் என்று கேட்கிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொள்ளிடக்கரை (மயிலாடுதுறை)

தம்பி, படிப்பகத்துக்குக் கொள்ளிடம் கூட்டுக் குடிநீர் லைன் இருக்கிறதா? கழுவும்போது யாராவது அந்தக் குழாயையும் திறந்திருக்கலாம். பிளீச்சிங் பவுடர் கூடுதலாக விழுந்த நாளில் பிடித்து அப்படியே ஊற்றினால் இரண்டு மணி நேரத்தில் இதே மாதிரி மேலே வந்து நிற்கும். ஒரு நாள் வாயகன்ற பாத்திரத்தில் வைத்திருந்து ஊற்ற வேண்டும், இல்லையென்றால் குளோரினை முறிக்கும் ஹைப்போ போட வேண்டும்.

முள்ளியாறு

தெருக்குழாய் வாசலில்தான் இருக்கிறது அண்ணா. கழுவும்போது நானே கூட நின்றேன், மோட்டார் தண்ணீர் மட்டும்தான். வெள்ளையடித்த அன்று ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை.

அரசலாறு (கும்பகோணம்)

கொசுவர்த்தி, லிக்விட் ஏதாவது வைக்கிறீர்களா? ஏர் பம்ப் எங்கே இருக்கிறது? பலரும் இதைக் கவனிப்பதில்லை. பம்ப் அறைக் காற்றை உறிஞ்சித்தான் தண்ணீருக்குள் தள்ளுகிறது. கொசு மருந்துகளில் இருப்பது பைரித்ராய்டு வகை. மனிதனைப் பெரிதாக ஒன்றும் செய்யாது, மீனுக்கும் இறாலுக்கும் மிகக் கொஞ்சமே போதும். விசேஷ நாட்களில் கூட்டம் கூடும்போது வழக்கத்தைவிட அதிகம் கொளுத்தியிருப்பீர்கள். ஊராட்சியில் புகை அடித்த நாளோடும் பொருத்திப் பாருங்கள். பக்கத்தில் வயல் இருந்தால் தாளடிக்கு மருந்து அடித்த நாளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முள்ளியாறு

படிப்பகம் இரவு எட்டு மணிக்கே பூட்டிவிடுவோம், கொசுவர்த்தி வைப்பதில்லை. ஜன்னலுக்கு வலை அடித்திருக்கிறோம். வயல் தள்ளித்தான் இருக்கிறது. புகை அடித்த தேதி பொருந்தவில்லை, விசாரித்தேன். தொட்டியில் நத்தைகள் நிறைய இருக்கின்றன, அவை நான்கு முறையும் சாகவில்லை. ஆனால் ஓடு மட்டும் வெளுத்துப் போய், உச்சியில் பொடிந்து குழி விழுந்திருக்கிறது. இதற்கும் சாவுக்கும் சம்பந்தம் உண்டா தெரியாது, கண்ணில் பட்டதால் சொல்கிறேன்.

குடமுருட்டி (திருவையாறு)

டிடிஎஸ் பேனா (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பளவைக் காட்டுவது) இருந்தால் மூன்றையும் பாருங்கள்: தொட்டி, கேன், போர். எனக்கு இது உப்பு அதிர்ச்சி என்றுதான் படுகிறது. மீன் உடம்பு ஒரு உப்பளவுக்குப் பழகியிருக்கும். ஒரே மணி நேரத்தில் அதை நாலைந்து மடங்கு ஏற்றினால் தாங்காது. மோலி தப்பியதும் அதனால்தான், அது உப்பு தாங்கும் ஜாதி. டெட்ராவுக்கு அந்தத் தெம்பு கிடையாது. வெள்ளையடித்த அன்று செத்தது வேறு காரணமாக இருக்கலாம், பெயின்ட் வாடை மாதிரி. இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம்.

முள்ளியாறு

கேன் 40, தொட்டி 190, போர் 1,150. பெயின்ட் இல்லை சார், சுண்ணாம்புதான் அடித்தோம்.

வெண்ணாறு (நீடாமங்கலம்)

சுண்ணாம்பா? அப்படியென்றால் நான்கு சாவும் ஒரே சாவாக இருக்கலாம். முடிவு சொல்வதற்கு முன் சில கேள்விகள் தம்பி. நான் சிமென்ட் தொட்டிகளில் மோலியும் கப்பியும் வளர்த்துக் கடைகளுக்குக் கொடுக்கிறேன், தண்ணீர் விஷயத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வெள்ளையடிக்கும்போது தொட்டியை மூடினீர்களா, மேலே சுவரில் இருந்து துளி விழ வழி இருந்ததா? மோலிகள் ஒரே இடத்தில் நின்று உடம்பை நெளித்து நெளித்து ஆடுகின்றனவா? செத்த மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தீர்களா, என்ன நிறம்? தீனி யார் போடுகிறார்கள், என்ன போடுகிறார்கள்? தொட்டியில் கட்டை, பாதாம் இலை ஏதாவது கிடக்கிறதா? கடைசியாக, பிஎச் (தண்ணீரின் புளிப்பு, கார அளவு; 7-க்குக் கீழே புளிப்பு, மேலே காரம்) எவ்வளவு, அம்மோனியா எவ்வளவு? கடைக்காரர் முக்கிய பட்டையில் அம்மோனியாவுக்குக் கட்டமே இருந்திருக்காது. ஐந்தாறு கட்டம் இருக்கும் சாதாரணப் பட்டைகளில் பெரும்பாலும் இருப்பதில்லை. அதைத் தனியாகச் சொட்டு கிட்டில் பார்க்க வேண்டும்.

மூச்சு முட்டல் வெறும் ஆக்சிஜன் குறைவால் வந்திருக்க முடியாது. கௌராமி மேல்காற்றைக் குடித்து உயிர் வாழும் மீன், நம் குளத்துப் பனையேறி மாதிரி. ஆக்சிஜன் மட்டும்தான் குறை என்றால் எல்லாம் செத்தாலும் கௌராமி நிற்கும். அதுவும் சாகிறது என்றால் செவுளிலோ ரத்தத்திலோ ஏதோ நேரடியாகத் தாக்குகிறது.

முள்ளியாறு

அக்கா, மேலே செய்தித்தாள் போட்டு மூடினோம். ஆனால் பின்பக்கச் சுவரோரம் இடைவெளி இருந்தது. பின் கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளைக் கோடு மாதிரி வழிந்து காய்ந்திருப்பதை இப்போதுதான் போய்ப் பார்த்தேன். மோலி நீங்கள் சொன்ன மாதிரியேதான் ஆடும், பல மாதமாக. செவுள் நல்ல சிவப்பாக, வீங்கின மாதிரி இருந்தது என்று செத்த மீனை எடுத்த பையன் சொல்கிறான். தீனி நாங்கள் மூன்று பேர் போடுகிறோம். பிள்ளைகளும் போடுவார்கள். கோயில் குளத்தில் போடுகிற பழக்கத்தில் சிலர் பொரி கொண்டுவந்து போடுகிறார்கள். ஒரு பெரிய வேர்க்கட்டை உண்டு, பாதாம் இலையும் கிடக்கிறது. மன்னார்குடியில் இருந்து சொட்டு கிட் வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.

முள்ளியாறு

கிட் வந்துவிட்டது. தொட்டியின் பிஎச் 6.0, அதாவது கிட்டில் இருக்கும் கடைசி மஞ்சள். அம்மோனியா சொட்டு விட்டதும் கரும்பச்சை ஆகிவிட்டது, அட்டையின் உச்சமான 8 பிபிஎம் (லிட்டருக்கு 8 மில்லிகிராம்) நிறம். மீன்களோ இப்போது அமைதியாக நீந்துகின்றன! கிட் பழுதா? கேன் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன், மஞ்சளாகவே நின்றது, அதாவது பூஜ்யம். போர் தண்ணீரில் பிஎச் 7.4, அம்மோனியா இல்லை.

வெண்ணாறு

கிட் சரியாகத்தான் இருக்கிறது. போர் தண்ணீரின் பிஎச்சை மட்டும் இன்னொருமுறை பாருங்கள். ஆழத்தில் இருந்து வரும் தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு கரைந்திருக்கும், மோட்டார் போட்டவுடன் பார்த்தால் பிஎச் குறைத்துக் காட்டும். வாளியில் பிடித்து இரவு முழுக்கக் காற்று ஓடவிட்டு, காலையில் பாருங்கள். எட்டைத் தாண்டும் என்று நினைக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மீன் கழிவும் மிச்சத் தீனியும் அம்மோனியா ஆகிறது. ஃபில்டரில் இருக்கும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்குகிறது. இது எல்லோருக்கும் தெரிந்தது. அந்த வேலை நடக்கும்போது தண்ணீரின் காரத்தன்மை, அதாவது பிஎச் இறங்காமல் தாங்கும் சத்து, கரைந்துகொண்டே போகிறது என்பதைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு ஏழு மில்லிகிராமுக்கு மேல் காரத்தன்மை போகும். நம் ஆற்றுத் தண்ணீரிலும் போர் தண்ணீரிலும் அதற்கு இருப்பு உண்டு. கேன் தண்ணீர் ஆர்ஓ தண்ணீர், அதில் ஒன்றுமே இல்லை. வருடக் கணக்காக அதையே ஊற்றியதில் இருப்பு தீர்ந்து பிஎச் இறங்கிவிட்டது. கட்டையும் இலையும் தங்கள் பங்குக்கு இன்னும் கொஞ்சம் இறக்கின. பிஎச் 6.5-க்குக் கீழே போனால் அந்த பாக்டீரியா மந்தமாகும், ஆறுக்கு வந்தால் கிட்டத்தட்ட நின்றே போகும். நத்தை ஓடு பொடிவதும் மோலி ஆடுவதும் இதே கதைதான், தண்ணீரில் சுண்ணச் சத்து இல்லை.

ஃபில்டர் நின்ற பிறகு அம்மோனியா சேர்ந்துகொண்டே இருக்கிறது. ஆனால் மீன் சாகவில்லை. ஏனென்றால் புளித்த தண்ணீரில் அது முழுக்க அம்மோனியமாக இருக்கும், செவுளுக்குள் எளிதில் நுழையாது. பிஎச் ஏறினால் அதே சரக்கு நச்சு அம்மோனியாவாக மாறும். நம்மூர்ச் சூட்டில், 30 டிகிரி தண்ணீரில், பிஎச் 6-இல் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நச்சாக இருக்காது. பிஎச் 8-இல் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு நச்சு. நீங்கள் போர் தண்ணீர் விட்ட நாளில் பிஎச் ஒரேயடியாக ஏறியது. வெள்ளையடித்த நாளில் சுண்ணாம்பு ஏற்றியது. காரத்தன்மை இருப்பே இல்லாத தண்ணீரில் கொஞ்சம் சுண்ணாம்பு வழிந்து இறங்கினாலும் பிஎச் சட்டென்று ஏறிவிடும். பொரி போட்டதில் அம்மோனியாவும் தாராளமாக இருந்தது.

நடைமுறையில் இதை நிறையப் பேர் போர் தண்ணீர் மேல் பழிபோட்டு, மறுபடி கேனுக்கே திரும்பிவிடுகிறார்கள். திரும்பினால் சாவு நிற்பது போலவும் தெரியும். உள்ளே சேர்வது மட்டும் சேர்ந்துகொண்டே இருக்கும்.

குடமுருட்டி

நல்ல விளக்கம் அக்கா. ஆனாலும் என் சந்தேகம் தீரவில்லை. தொட்டி 190, போர் 1,150. பாதிக்குப் பாதி கலந்தால் 670. இந்தத் தாவலும் சின்னது இல்லையே? இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கிறது. எது கொன்றது என்று எதை வைத்துப் பிரிப்பது?

வெண்ணாறு

நியாயமான கேள்வி. வெள்ளையடித்த நாளை வைத்துத்தான் பிரிக்கிறேன். வழிந்த கொஞ்சம் சுண்ணாம்பு டிடிஎஸ்ஸை எவ்வளவு ஏற்றிவிடும்? ஆனால் சாவு அச்சு மாறாமல் அதே மாதிரி வந்திருக்கிறது. உப்புத் தாவல் மீனை வாட்டியிருக்கும், மறுக்கவில்லை. அது இல்லாமலும் சாகின்றன என்பதுதான் துப்பு. அப்புறம் தம்பி, உங்கள் தெருவில் அதே போர் தண்ணீரில் மீன் வளர்ப்பவர் யாராவது இருக்கிறார்களா?

மீனை வைத்துச் சோதிக்க வேண்டாம், அது தேவையே இல்லை. ஒரு மக்கில் தொட்டித் தண்ணீர் பாதி, இரவெல்லாம் காற்று ஓடிய போர் தண்ணீர் பாதி கலந்து பிஎச்சும் அம்மோனியாவும் பாருங்கள். இன்னொரு மக்கில் தொட்டித் தண்ணீரில் சுண்ணாம்புத் தெளிவு ஒரு சொட்டு விட்டு பிஎச் பாருங்கள். அம்மோனியா எட்டுக்கு மேலும் இருக்கலாம். ஒரு பங்கு தொட்டித் தண்ணீருக்கு மூன்று பங்கு கேன் தண்ணீர் கலந்து பார்த்து, வரும் அளவை நாலால் பெருக்குங்கள்.

முள்ளியாறு

பார்த்துவிட்டோம். பிள்ளைகளும் சுற்றி நின்று பார்த்தார்கள், பெரிய பையன் ஒருவன் நோட்டில் எழுதிக்கொண்டான்.

காற்று ஓடிய போர் தண்ணீர்: பிஎச் 8.2. பாதிக்குப் பாதி மக்கில்: பிஎச் 7.9 போல, அம்மோனியா 6-ஐ ஒட்டி. கலந்து பெருக்கிப் பார்த்ததில் தொட்டியில் உண்மையில் 12 போல இருக்கிறது. சுண்ணாம்புத் தெளிவு ஒரு சொட்டு விட்ட மக்கில் மஞ்சள் போய் அட்டையின் கடைசி நீலம் வந்துவிட்டது, அதற்கு மேல் அட்டையில் நிறம் இல்லை.

மூன்றாவது வீட்டில் ஒரு தாத்தா அதே நிலத்தடித் தண்ணீரில் மோலியும் கௌராமியும் வளர்க்கிறார். எனக்கு இது இப்போதுதான் தெரியும். அவருக்கு ஒன்றும் ஆனதில்லையாம்.

வெண்ணாறு

அப்போது கணக்குத் தெளிவாக இருக்கிறது. பாதித் தண்ணீரை மாற்றியதில் மொத்த அம்மோனியா 12-இல் இருந்து 6 ஆகப் பாதி குறைகிறது. நச்சுப் பங்கு மட்டும் 0.01 பிபிஎம்மில் இருந்து 0.35 பக்கம் போகிறது, முப்பது மடங்குக்கு மேல். டெட்ராவும் கோரியும் இதில் நிற்காது. சிவந்து வீங்கிய செவுளும் இதற்குத்தான் பொருந்துகிறது. நைட்ரைட்டாக இருந்தால் செவுள் காப்பித்தூள் நிறத்துக்குப் போயிருக்கும்.

இனி செய்ய வேண்டியது. வரிசை முக்கியம். முதலில் அம்மோனியாவை வெளியேற்ற வேண்டும், அதுவரை பிஎச்சைத் தொடவே கூடாது. போர் தண்ணீர், கிளிஞ்சல், சோடா மாவு, எதுவும் இப்போது வேண்டாம். தினமும் ஐந்தில் ஒரு பங்கு எடுத்துவிட்டு கேன் தண்ணீரையே ஊற்றுங்கள். தீனியை இரண்டு மூன்று நாள் நிறுத்துங்கள், பெரிய மீன்கள் தாங்கும். பிறகு ஒருவர் மட்டும், நாளுக்கு ஒருமுறை. அம்மோனியாவைக் கட்டும் வாட்டர் கண்டிஷனர் கிடைத்தால் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஹைப்போ அதற்கு உதவாது, அது குளோரினுக்கு மட்டும். பின் கண்ணாடியில் காய்ந்த சுண்ணாம்பை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், கரைந்து உள்ளே இறங்கும். தண்ணீர் மட்டம் குறைந்திருக்கும்போது பிளேடால் சுரண்டிக் காகிதத்தில் ஏந்தி எடுங்கள்.

கொள்ளிடக்கரை

கல் உப்பு ஒரு கைப்பிடி போடலாமா அக்கா? நாங்கள் எல்லாவற்றுக்கும் அதைத்தான் போடுவோம்.

வெண்ணாறு

இப்போது வேண்டாம் அண்ணா. அது நைட்ரைட்டுக்கு எதிராக வேலை செய்யும், அம்மோனியாவுக்கு ஒன்றும் செய்யாது. பாக்டீரியா மறுபடி ஓட ஆரம்பிக்கும்போது நடுவில் நைட்ரைட் ஏறலாம், அப்போது தேவைப்பட்டால் கொஞ்சமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

அரசலாறு

நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது, உங்களுக்குப் பக்கம்தான். இதற்குப் பிறகும் காரணம் தெரியாமல் செத்தால், மீன் உயிர் போகும் நிலையில் இருக்கும்போதே தண்ணீரோடு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். அழுகின மீனை வைத்து யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

ஓடம்போக்கி (திருவாரூர்)

என் தொட்டி பல வருடமாக ஓடுகிறது, பிஎச் 7.4. ஸ்பாஞ்ச் ஃபில்டர் இரண்டு போட்டிருக்கிறேன். அம்மோனியா இறங்கிய பிறகு சொல்லுங்கள், ஒன்றைத் தருகிறேன். திருத்துறைப்பூண்டி பஸ்ஸில் நானே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன். ஈரம் காயாமல் தொட்டித் தண்ணீரிலேயே எடுத்து வரவேண்டும், குழாய் நீரில் அலசினால் பாக்டீரியா போய்விடும். நோயில்லாத தொட்டி, கவலை வேண்டாம்.

முள்ளியாறு

நன்றி அண்ணா, கண்டிப்பாகச் சொல்கிறேன். பிள்ளைகளுக்கு ஓர் அட்டையில் எழுதி ஒட்டிவிட்டோம்: பொரி வேண்டாம். தீனி டப்பா இப்போது நூலகப் பொறுப்பாளர் மேசையில்.

முள்ளியாறு

நிலவரம் சொல்கிறேன். தினமும் மாற்றியதில் அம்மோனியா 1-க்கு வந்து, பிறகு அரைக்கும் கீழே போய்விட்டது. பிஎச் இன்னும் 6-தான். ஒரு மீனும் சாகவில்லை. இனி பிஎச்சை ஏற்றலாமா?

வெண்ணாறு

ஏற்றலாம், நிதானமாக. வேதாரண்யம் பக்கம் யாராவது போனால் கடற்கரைக் கிளிஞ்சல் ஒரு கைப்பிடி அள்ளி வரச் சொல்லுங்கள். நன்றாகத் தேய்த்துக் கழுவி, கொதிக்கும் தண்ணீரில் போட்டெடுத்து, வெயிலில் காய வைத்து, வலைத்துணியில் கட்டி ஃபில்டர் தண்ணீர் விழும் இடத்தில் வையுங்கள். அது தானாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், தண்ணீர் புளித்தால் வேகமாகவும் கார நிலைக்கு வந்தால் மெதுவாகவும். நாளுக்கு 0.2, 0.3-க்கு மேல் ஏறினால் பாதிக் கிளிஞ்சலை எடுத்துவிடுங்கள். பிஎச் 6.8 தாண்டியதும் ஓடம்போக்கி அண்ணனின் ஸ்பாஞ்சைப் போடுங்கள். அதற்கு முன் போட்டால் வீணாகிவிடும். இந்த நாட்களில் காலையும் மாலையும் அம்மோனியா பார்க்க வேண்டும். அரைக்கு மேல் காட்டினால் கேன் தண்ணீர் மாற்றம்.

நிலைத்த பிறகு போர் தண்ணீரைப் பழக்கலாம். கேன் மூன்று பங்கு, காற்று ஓடிய போர் ஒரு பங்கு, வாரம் ஒருமுறை. டிடிஎஸ் 300-ஐ ஒட்டி நின்றால் டெட்ராவும் மோலியும் ஒரே தொட்டியில் ஒத்துப்போகும். கேன் செலவும் குறையும்.

குடமுருட்டி

நானும் என் தொட்டியை நேற்று அளந்து பார்த்தேன், ஆர்ஓ தண்ணீர்தான் ஊற்றுகிறேன். பிஎச் 6.4. கிளிஞ்சல் தேடிக்கொண்டிருக்கிறேன். எங்கள் பக்கம் கடல் இல்லை, முட்டை ஓடு உதவுமா?

வெண்ணாறு

உதவும், அதுவும் சுண்ணச் சத்துதான். உள்தோலை உரித்துவிட்டுக் காய வைத்துப் போடுங்கள், தோல் அழுகினால் அதுவே அம்மோனியா. முதலில் அம்மோனியா அளவு பாருங்கள், அதற்குப் பிறகுதான் ஓடு.

முள்ளியாறு

பிஎச் 7.0. ஸ்பாஞ்ச் வந்து சேர்ந்து ஓடுகிறது. நடுவில் நைட்ரைட் லேசாக எட்டிப் பார்த்தது, இப்போது இல்லை. அம்மோனியா மஞ்சள். மோலிகள் ஆடுவதை நிறுத்திவிட்டன. நியான் டெட்ரா புதிதாக வாங்கலாமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். கடைக்காரர் சென்னை கொளத்தூரில் இருந்து சனிக்கிழமை சரக்கு வரும் என்கிறார்.

வெண்ணாறு

வந்த அன்றே வாங்காதீர்கள். கடையில் ஒரு வாரம் நின்று தீனி எடுப்பதைப் பார்த்துவிட்டு ஆறு மட்டும் வாங்குங்கள். பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, அரை மணி நேரத்துக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைச் சேர்த்து, வலையில் மீனை மட்டும் விடுங்கள், பைத் தண்ணீர் வேண்டாம். அந்த வாரம் முழுக்க நோட்டு எழுதும் பையனிடமே சொட்டு கிட்டைக் கொடுத்து தினமும் அம்மோனியா பார்க்கச் சொல்லுங்கள். மீன் கூடினால் ஃபில்டர் அதற்குத் தக்கபடி வளர நாள் பிடிக்கும். அம்மோனியா மஞ்சளாகவே நின்றால் அடுத்த ஆறு.